இழுபட்டால் வலுக்கும் இதயம், பெரிதானால் ஏன் தளர்கிறது?

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்தார். சென்ற மாதம் எடுத்த எக்கோவில் ‘இடது கீழறை விரிந்திருக்கிறது, பம்பிங் 30 சதவீதம்’ என்று எழுதியிருக்கிறார்கள். என் மகள் நர்சிங் முதலாண்டு படிக்கிறாள். ‘இதயத் தசை எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு வலுவாகச் சுருங்கும், ரப்பர் பேண்டு மாதிரி என்று வகுப்பில் சொன்னார்கள். தாத்தாவின் இதயம் விரிந்திருந்தால் வலு கூடத்தானே வேண்டும்? நீர் மாத்திரை கொடுத்தால் இதயத்துக்கு வரும் இரத்தம் குறையும், இழுவை குறையும், வலுவும் குறையுமே’ என்கிறாள். அதைக் கேட்டு மாமனார் ஐந்து நாட்களாக நீர் மாத்திரையை நிறுத்திவிட்டார். அடிக்கடி எழுந்து போக வேண்டியதில்லை என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் இரண்டு நாட்களாகக் காலில் செருப்பு வார் அழுந்திய தடம் பதிந்து நிற்கிறது. இரவில் கூடுதலாக ஒரு தலையணை கேட்கிறார். மகள் சொல்வது சரியா, டாக்டர் சொல்வது சரியா?

— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொன்னதை மற்ற வாசகர்களுக்காக இங்கே மீண்டும் எழுதுகிறேன். கால் வீக்கத்தை விட அந்தக் கூடுதல் தலையணைதான் என்னைப் பயமுறுத்தியது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, தலையணை சொல்லிவிட்டது. இதய நோயாளி ஒருவர் திடீரென்று உயரமாகப் படுக்க விரும்பினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையை மீண்டும் தொடங்குவதும் அளவை மாற்றுவதும் அவரை நேரில் பார்த்த மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. மூச்சுத்திணறல் அதிகமாகி உட்கார்ந்தே இரவைக் கழிக்கும் நிலை வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். அவளைத் திட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். அவள் படித்த விதி சரியானது. அதை மாமனாரின் இதயத்தில் கொண்டுபோய்ப் பொருத்திய இடத்தில்தான் தவறு. அதற்கும் பாதிப் பழி அந்த ரப்பர் பேண்டு உவமையைத்தான் சேரும். எத்தனை தலைமுறை மாணவர்களை அது குழப்பிக்கொண்டே இருக்கிறது!

நான் மருத்துவக் கல்லூரியில் படித்த நாட்களில் இந்த விதியைத் தவளையின் கெண்டைக்கால் தசையில் கையால் தொட்டுப் பார்த்தோம். ஓர் உருளையில் தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கரி படிய வைப்போம். தசையின் நுனியில் கட்டிய நெம்புகோலின் முள், உருளை சுழலச் சுழல அந்தக் கரியில் வெள்ளைக் கோடு கீறும். வெறும் தசையைத் தூண்டினால் சிறிய மேடு. நெம்புகோலில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, தசை சற்று நீண்ட பிறகு அதே தூண்டலைக் கொடுத்தால், முன்பு தூக்க முடியாத எடையையும் அது தூக்கும். சுமையைக் கூட்டினால் வேலை குறையும் என்றுதானே நினைப்போம்? ஒரு கட்டம் வரை கூடியது. அன்று மாலை சட்டையெல்லாம் கரியோடு விடுதிக்குப் போனது நினைவிருக்கிறது. இப்போதைய மாணவர்கள் இதைக் கணினித் திரையில் பார்த்துவிடுகிறார்கள். தவளைகளுக்கு நல்லதுதான்.

இதயத்தில் இதை ஒழுங்காக அளந்து காட்டியவர் ஜெர்மானியரான ஓட்டோ ஃபிராங்க். 1895இல் மியூனிக் நகரில் தவளை இதயத்தை வைத்துக்கொண்டு, துடிப்புக்கு முன் அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அதற்கேற்ப அது எழுப்பும் அழுத்தம் உயர்கிறது என்று கண்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் அவருடைய கூட்டாளிகளும் நாயின் இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் தனியே இயங்கவைத்து, அதற்குள் வரும் இரத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நரம்பின் கட்டளை எதுவும் இல்லாமலே, எவ்வளவு வந்ததோ அவ்வளவையும் இதயம் வெளியே தள்ளியது. 1915இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் இதை ‘இதயத்தின் விதி’ என்றே ஸ்டார்லிங் அழைத்தார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். உங்கள் மகளுக்கு அந்தப் பெயர் வேறொரு பாடத்திலும் எதிர்ப்படும்.

இப்போது ரப்பர் பேண்டு. ரப்பரை இழுக்கும்போது உங்கள் கை செலவிட்ட ஆற்றலைத்தான் விட்டதும் அது திருப்பித் தருகிறது. அதற்குச் சொந்தச் சம்பாத்தியம் கிடையாது. இதயத் தசை அப்படியில்லை. அது உணவை எரித்துத் தானே உழைக்கிற பொருள். நீட்டப்படும்போது அதன் உழைக்கும் திறனே கூடுகிறது.

ஏன் கூடுகிறது என்று பார்க்கத் தசைக்குள் போக வேண்டும். இதயத் தசையின் ஒவ்வொரு இழையும் சார்கோமியர் என்ற மிகச்சிறு அலகுகள் வரிசையாகக் கோத்த மாலை. ஓர் அலகின் நீளம் ஏறக்குறைய இரண்டு மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் முப்பதை வரிசையாக நிறுத்திவிடலாம். அதற்குள் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும் மயோசின் என்ற தடித்த இழைகளும், இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கின்றன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும். அந்த இழுப்புதான் சுருக்கம்.

நீங்கள் மன்னார்குடிக்காரர், திருவாரூர் ஆழித்தேர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் தொய்ந்து கிடக்கும்போது ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து நிற்பார்கள். கால் ஊன்ற இடமில்லை. ஆயிரம் பேர் இருந்தும் தேர் அசையாது. வடம் நீண்டு விறைத்து, ஒவ்வொருவருக்கும் காலடி கிடைத்த பிறகுதான் இழுப்பு தேரைப் போய்ச் சேரும். அதற்கும் மேலே வடத்தை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோனால் பிடிக்கவே ஆளிருக்காது. சார்கோமியரிலும் இதே கதைதான். 1.8 மைக்ரானில் இழைகள் நெருக்கியடிக்கின்றன, 2.2 அருகே பிடி நன்றாகக் கிடைக்கிறது. எலும்பை அசைக்கும் தசையில், இழைகள் ஒன்றையொன்று தொடமுடியாத அளவு நீட்டிவிட்டால் விசை அற்றுப்போகிறது என்பதை 1966இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவரும் தவளையின் ஒற்றைத் தசையிழையில் அளந்து காட்டினார்கள்.

ஆனால் இதயத் தசையில் இந்தக் காலடிக் கணக்கு மட்டும் போதாது. நீளம் இம்மி கூடினால் விசை பல மடங்கு எகிறுகிறது. இடநெருக்கடி தீர்ந்ததால் மட்டும் அவ்வளவு வராது. தசை சுருங்க வேண்டும் என்ற கட்டளையைக் கொண்டுவருவது கால்சியம். ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் செல்லுக்குள் பாய்ந்து, ஆக்டினின் பூட்டைத் திறந்துவிடுகிறது. நீட்டப்பட்ட தசையில் அடுத்த துடிப்பில் வரும் கால்சியம் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அந்த அளவுக்கே முன்பைவிட அதிகமான மயோசின் தலைகள் எழுந்து வேலை செய்கின்றன. குரல் அதே குரல். கேட்கிற காதுகள் கூர்மையாகிவிடுகின்றன. இந்த விதியின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. முதலாண்டுப் பாடத்தில் விட்டுப்போவதும் இதுதான்.

இத்தனை நுட்பம் எதற்கு என்று கேட்டால், ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம் உடலுக்கு அனுப்புகிறது. வலது பக்கம் துடிப்புக்கு 71 மில்லிலிட்டர், இடது பக்கம் 70 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒரே ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 4,200 மில்லிலிட்டர் நுரையீரலில் தேங்கிவிடும். உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான்! அப்படி நடக்காமல் காப்பது இந்த விதி. இடது அறைக்குச் சற்றுக் கூடுதலாக வந்தால் அதன் தசை சற்றே நீள்கிறது, அடுத்த துடிப்பிலேயே கூடுதலாகத் தள்ளிவிடுகிறது. மூளையைக் கேட்பதில்லை. கணக்குப்பிள்ளை இல்லாமலே இரண்டு கல்லாக்களும் ஒத்துப்போகின்றன.

இதயமாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருக்கும். அவர் படி ஏறத் தொடங்கும்போது நாடி உடனே விரைவதில்லை. ஆனாலும் ஏறிவிடுகிறார். கால் தசைகள் பிழிந்து அனுப்பும் இரத்தம் இதயத்தை நிரப்ப, நிரம்பிய இதயம் துடிப்புக்குத் துடிப்பு கூடுதலாகத் தள்ளுகிறது. 1914இல் லண்டன் மேசைமேல் நடந்தது மாடிப்படியில் நடக்கிறது.

சரி, இவ்வளவு நல்ல விதி உங்கள் மாமனாரை ஏன் கைவிட்டது?

இழுபடுவது வேறு, பெரிதாவது வேறு. சட்டை உடம்பில் இறுகி இழுபட்டு நிற்பது ஒன்று. தையற்காரர் பக்கவாட்டில் துணி வைத்துத் தைத்து அகலமாக்குவது இன்னொன்று. இரண்டாவதில் சட்டை பெரிதாகிறது, துணி இழுபடவில்லை. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிவிட்ட பிறகு, மிச்சமிருக்கும் தசை மாதக்கணக்கில் கூடுதல் இரத்தத்தையும் அழுத்தத்தையும் தாங்குகிறது. அப்போது அது புதிய சார்கோமியர்களை வரிசையின் நீளத்தில் சேர்த்துக்கொண்டே போகிறது. மாலை நீள்கிறது, பூக்கள் அதே அளவு. ஒவ்வொரு சார்கோமியரும் ஏறக்குறைய அதே இரண்டு மைக்ரான் சொச்சத்தில்தான் இருக்கிறது. ஆகவே எக்கோவில் ‘விரிந்திருக்கிறது’ என்று படித்துவிட்டு, தசை இழுபட்டு வலுவேறிவிட்டது என்று கொள்ள முடியாது. உங்கள் மகள் கவனிக்காமல் விட்ட இடம் இது. அவளைக் குறை சொல்லவில்லை. தேர்ந்த மருத்துவர்களே வாய்தவறி ‘இழுபட்ட இதயம்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் பெரிதாதலும் உடல் செய்த கைங்கரியம்தான். நலமான இடது கீழறையில் நிரம்பிய நிலையில் 120 மில்லிலிட்டர் இருந்து, 70 வெளியேறுகிறது என்று வையுங்கள். ஏறத்தாழ 58 சதவீதம். உங்கள் மாமனாருக்கு அறை விரிந்து 220 மில்லிலிட்டர் கொள்கிறது என்று வைத்தால், 30 சதவீதம் என்பது 66 மில்லிலிட்டர். பெரிய வித்தியாசமில்லை பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க அது போதும். பம்பிங் 30 என்றதும் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்று அந்தத் தலைமையாசிரியர் மனம் உடைந்திருக்கக்கூடும். நலமாக இருப்பவருக்கே அது நூறு கிடையாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இதற்கு வட்டி உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கண்ட விதிப்படி, உள்ளே அதே அழுத்தத்தை எழுப்ப, அறையின் ஆரம் கூடக் கூடச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடும். 120 என்பது 220 ஆனால், அறையைக் கோளமாக எடுத்துக்கொண்டால், ஆரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. சுவர் மெலிந்திருந்தால் சுமை இன்னும் அதிகம். சைக்கிள் ட்யூபில் நைந்த இடம் ஒரு தரம் முட்டைபோல் புடைத்துவிட்டால் அந்த இடமே மேலும் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிதான இதயம் மேலும் பெரிதாகப் பார்ப்பது அதனால்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் எரிபொருள் கேட்கிறது; மாரடைப்பு வந்த இதயத்துக்கு எரிபொருள் கொண்டுவரும் குழாய்களோ ஏற்கெனவே குறுகியவை.

மகளிடம் மிஞ்சி நிற்கிற வாதம் ஒன்று உண்டு: பெரிதாதல் எப்படியோ போகட்டும், இன்னும் கொஞ்சம் நிரப்பினால் அந்தச் சார்கோமியர்கள் சற்றாவது இழுபடாதா? இழுபடும். பயன்தான் அற்பம்.

எங்கள் வார்டில் ஒரு மழைக்காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவர் இருந்தார்கள். ஒருவர் டெங்குவில் வந்த இளைஞர். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, நாடி நூல்போல் ஆகிவிட்டது. அவருக்குச் சலைன் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் உங்கள் மாமனார் வயதுப் பெரியவர், இதயம் விரிந்தவர். அவருக்கு நீரைப் பிரிக்கும் ஊசி போட்டோம். ‘அவனுக்கு ஏற்றுகிறீர்கள், எனக்கு இறக்குகிறீர்கள், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறதே’ என்று அந்தப் பெரியவர் கேட்டார். இருவருக்கும் ஒரே விதிப்படிதான் மருத்துவம் நடந்தது. இதயம் நிரம்ப நிரம்ப அது வெளியே தள்ளுவது எப்படிக் கூடுகிறது என்று கோடு வரைந்தால், முதலில் செங்குத்தான ஏற்றம், பிறகு மேட்டுச் சமவெளி. இளைஞரின் இதயம் காலியாகக் கிடந்தது. செங்குத்தான ஏற்றத்தின் அடியில் நின்றது. கொஞ்சம் நிரப்பியதும் தசை நீண்டு, துடிப்பு வலுத்து, கை கால்களில் சூடு ஏறியது. பெரியவரின் இதயமோ ஏறும் வழியெல்லாம் ஏறி மேட்டுச் சமவெளியில் நின்றது. அங்கே இன்னும் நிரப்பினால் வெளியே தள்ளுவது ஏறுவதில்லை. அறைக்குள் அழுத்தம்தான் ஏறும். அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகிறது. நலமானவருக்கு அது பாதரச அளவில் 12 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 25ஐத் தாண்டினால் நுண்குழாய்களிலிருந்து நீர் நுரையீரலுக்குள் கசியத் தொடங்கும். படுத்தால் மூச்சு முட்டுவதும் உங்கள் மாமனார் தலையணை கேட்டதும் இதனால்தான். நீர் மாத்திரை அந்தச் சமவெளியில் இரண்டடி பின்னுக்கு நகர்த்துகிறது. வலு ஏறக்குறைய அப்படியே இருக்கும், நுரையீரல் உலரும்.

நலமான இதயத்தை அளவுக்கு மீறி நிரப்பி, இழைகள் பிடிவிடும் தூரத்துக்குக் கொண்டுபோய்விட முடியாதா என்று மகள் அடுத்துக் கேட்பாள். எளிதில் முடியாது. சார்கோமியருக்குள்ளேயே டைட்டின் என்ற ஒரு பெரும்புரதம் ஸ்பிரிங்போல் படுத்திருக்கிறது. நம் உடலின் புரதங்களில் இதுதான் மிகப் பெரியது. வெளியே கொலாஜன் நார்கள், அதற்கும் வெளியே இதய உறை. எல்லாம் சேர்ந்து ‘போதும்’ என்று தடுத்துவிடும்.

உங்கள் மகளின் பயம் முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். நீர் மாத்திரை அளவு மிஞ்சினாலோ, வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் அதையே விழுங்கினாலோ, அவள் சொன்னபடியே நடக்கும். இதயம் காலியாகி, ஏற்றத்தின் அடிக்கு இறங்கிவிடும். எழுந்து நின்றால் தலை சுற்றும், சிறுநீர் குறையும். அந்த நாட்களில் மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். அவள் காரணம் சரியாக இருந்த நேரங்கள் அவை. இந்த ஐந்து நாட்கள் அல்ல.

மாமனாரின் மாத்திரைப் பெட்டியில் மற்றவையும் இருக்கும். நீர் மாத்திரை மூச்சுத்திணறலைத் தணிக்கும். அறையின் அளவைச் சுருக்கித் திரும்பவும் தைக்கிற வேலையை மற்றவைதான் செய்கின்றன. அவற்றில் ஒன்று நாடியைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர். நான் மாணவனாக இருந்தபோது பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுக்கலாம் என்று எழுதினால் தேர்வில் தோல்விதான். இன்று கொடுக்காமல் விட்டால் தோல்வி. எனாலப்ரில் வகையும் ஸ்பைரனோலாக்டோனும் சுமையைக் குறைத்து, சார்கோமியர் சேர்க்கும் வேலையைத் தடுக்கின்றன. சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் இப்போது சர்க்கரை இல்லாதவர்களின் இதயத்துக்கும் கொடுக்கப்படுகிறது. மருந்துக் கடையில் ‘இது சுகர் மாத்திரை’ என்று யாராவது சொன்னதும் நிறுத்திவிட வேண்டாம். மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டு, விரிந்த அறை ஓரளவு சுருங்கி, பம்பிங் உயர்ந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ரப்பர் பேண்டு கணக்குப்படி அது நடக்கவே கூடாது: அறை சிறிதாகிறது, வலு கூடுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே வகை உடையில் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியராக இருந்தவருக்குப் பதிவேடு பிடிக்கும். மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் அது சதையில்லை, நீர். அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு நான்கையும் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு என்பதை மருத்துவர் சொன்னபடி. மாத்திரையைக் காலையில் கொடுத்தால் இரவில் எழுந்து ஓட வேண்டியதில்லை. அவருடைய முதல் குறையே அதுதானே. வெளியூர்ப் பயணம் இருக்கும் நாளில் நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடமே கேட்கலாம்.

கடைசியாக, மகளுக்கு ஒரு வேலை. தாத்தாவை இரண்டு தலையணையில் பாதி சாய்ந்தபடி படுக்கவைத்து, தலையைச் சற்றே இடப்பக்கம் திருப்பச் சொல்லட்டும். கழுத்தின் வலப்பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். அங்கே தோலுக்கடியில் ஒன்று மெல்ல இரண்டிரண்டாகத் துள்ளும். தமனியின் துடிப்பைப்போல் விரலில் தட்டாது, லேசாக அழுத்தினால் மறைந்துவிடும். அது சிரை. அதன் துள்ளல் எந்த உயரம்வரை தெரிகிறதோ, இதயத்தின் வலது பக்கம் அந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது. கிணற்றில் நீர்மட்டம் பார்ப்பது மாதிரி. மாத்திரையை மீண்டும் தொடங்கி நான்கு நாள் கழித்து அதே தலையணை, அதே ஜன்னலில் இன்னொரு தரம் பார்க்கட்டும். முதல் நாள் காதுமடலுக்கு அருகே இருந்த துள்ளல் எங்கே இறங்கியிருக்கிறது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.